வாக்குப்பெட்டியும் சிறைக்கதவும்: தேர்தலில் நிற்கும் ஷெரிப்பின் கடமைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

தேர்தல் என்பது மக்களின் விருப்பத்தை அளந்தறியும் கருவி என்று அரசியற் பாடநூல்கள் கூறும். அக்கருவி எவர் கையில் உள்ளது என்னும் வினாவை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. வாக்காளரின் தகுதியைச் சோதிப்பவர் யார், வாக்குச் சாவடிக்கு அலுவலரை நியமிப்பவர் யார், பெட்டியை எடுத்துச் செல்பவர் யார், முடிவை எழுதி ஒப்பமிட்டு அனுப்புபவர் யார் என்பனவெல்லாம் நிருவாக நுணுக்கங்கள் எனக் கருதப்பட்டு அடிக்குறிப்புகளுக்குள் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. அத்தகைய நுணுக்கங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் சமூக அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்டத்தை நிலைநாட்டும் அதிகாரம் பெற்ற ஓர் உத்தியோகத்தர், தேர்தலை நடாத்தும் கடமையும் தமக்கிருக்க, அத்தேர்தலிலே தாமும் வேட்பாளராக நின்றால் நிகழ்வது என்ன?

இலங்கை வாசகருக்கு இவ்வினா சற்று விசித்திரமாகத் தோன்றலாம். எமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை, பொலிஸ் உத்தியோகத்தரையும் பொலிஸ் பணி புரியும் அரச அலுவலரையும் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்படும் தகைமையற்றோர் வரிசையிலே சேர்த்துள்ளது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில், கவுண்டி எனப்படும் மாவட்டந்தோறும் சட்டக் காவலுக்குத் தலைவராக விளங்கும் ஷெரிப், மிகப் பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் வாக்கினாலேயே பதவிக்கு வருகின்றார். கைது செய்பவரும், சிறைச்சாலையைப் பராமரிப்பவரும், நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றுபவரும் அவரே. சில மாநிலங்களில் தேர்தல் அலுவல்களிலும் அவருக்குப் பங்குண்டு. ஆகவே நாம் எழுப்பும் வினா அங்கு ஏட்டு வினா அன்று. நான்காண்டுக்கு ஒருமுறை நடைமுறையில் எழும் வினாவாகும்.

இவ்வினாவுக்குச் சட்ட நூலோர் தரும் விடை எளிமையானது. பெட்டியைக் காக்கும் கையும் வாக்குக் கேட்கும் கையும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். ஒருவர் வேட்பாளராக நின்றால் தேர்தற் கடமையினின்று விலகிக்கொள்ள வேண்டும். இவ்விதி நியாயமானதே. எனினும் வரலாற்றை உற்றுநோக்குமிடத்து, இவ்விதி தன்னளவில் மக்களைக் காத்த சந்தர்ப்பங்கள் அரியன என்பதும், எவர் வாக்குரிமை பெற்றிருந்தனர், அவர்கள் எவருடைய நிலத்தில் வாழ்ந்தனர் என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமைந்தது என்பதும் புலனாகும். இதனை நிறுவுவதற்கு ஷெரிப் பதவி தோன்றிய இங்கிலாந்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

2

மத்தியகால இங்கிலாந்தில் ஷெரிப் அரசனுடைய ஆளாவார். கவுண்டியில் அரசனுக்குரிய வருவாயைத் திரட்டுதல், அரச ஆணைகளை நிறைவேற்றுதல், குற்றவாளிகளைப் பிடித்தல், சிறையைக் காத்தல், யூரிமாரைத் திரட்டுதல், கவுண்டி மன்றத்தைக் கூட்டுதல் ஆகிய யாவும் அவர் பொறுப்பிலிருந்தன. வரிசேகரிப்பும் நீதியும் படைபலமும் ஓரிடத்தே குவிந்திருந்த இப்பதவி நிலப்பிரபுத்துவ அரசின் கிராமப்புற முகமாக விளங்கிற்று எனலாம். குடியானவர் அரசனை வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிரார்; ஷெரிப்பையும் அவருடைய ஏவலாளரையும் காணாதிருத்தல் அவர்க்கு அரிதாயிற்று.

அக்காலத்து மக்கள் இலக்கியம் இதற்குச் சான்று பகரும். ரொபின் ஹூட் பற்றிய கதைப்பாடல்களில் வில்லன் அரசன் அல்லன், நொட்டிங்ஹாம் ஷெரிப்பே. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்ட் இயற்றிய 'பியர்ஸ் பிளவ்மன்' என்னும் நெடும்பாட்டில் கைக்கூலியின் உருவகமாக மீட் என்னும் சீமாட்டி வருகின்றாள். அவள் பயணம் புறப்படும்போது ஏறிச்செல்லும் குதிரை வேறெதுவுமன்று. புதிதாக இலாடம் அடிக்கப்பட்ட ஒரு ஷெரிப்பே ஆவார். கைக்கூலி ஷெரிப்பின் முதுகிலேறிச் செல்கின்றாள் என்னும் இக்கற்பனை, தனிமனிதர் ஒருவரைப் பழிக்கும் வசையன்று. ஒரு பதவியின் இயல்பை மக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதையே அது காட்டுகின்றது. சட்ட ஏடுகளில் ஷெரிப் அரச பணியாளர். பாட்டிலோ பணமுடையோர் ஏறும் வாகனம். இவ்விரு சித்திரங்களுக்குமிடையேயுள்ள முரண்பாடே நமது ஆய்வின் தொடக்கப்புள்ளியாகும்.

1254ஆம் ஆண்டில் கவுண்டிகளிலிருந்து இரு வீரப்பெருமக்களைத் தெரிவித்து அனுப்புமாறு அரச ஆணை பிறந்தபோது அது ஷெரிப்புகளுக்கே விடுக்கப்பட்டது. இது தற்செயலன்று. கவுண்டி மன்றத்தைக் கூட்டும் அதிகாரம் அவரிடமே இருந்தது. பாராளுமன்றம் நிலைபேறடைந்தபோது, தேர்தலை அறிவிப்பவரும் நடாத்துபவரும் முடிவை எழுதி அனுப்புபவரும் ஷெரிப் என்னும் மரபு உறுதியாயிற்று. நாம் இன்று தெரிவத்தாட்சி அலுவலர் என வழங்கும் பதவியின் மூலவேர் இதுவே. 14ஆம் நூற்றாண்டில் ஷெரிப்புகள் பெரும்பாலும் அவ்வக் கவுண்டியின் நிலவுடைமைக் குடும்பங்களிலிருந்தே நியமிக்கப்பட்டனர். பாராளுமன்றத்துக்குச் சென்றோரும் அக்குடும்பத்தினரே. ஆதலால் முடிவை எழுதும் ஷெரிப் தம் பெயரையே எழுதி அனுப்புவதும் நிகழ்ந்தது.

இந்நிலையிலேதான் 1372ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அரச நீதிமன்றங்களில் வழக்காடும் சட்டத்தரணிகளும், பதவியிலுள்ள ஷெரிப்புகளும் கவுண்டிப் பிரதிநிதிகளாகத் தெரிவுசெய்யப்படலாகாது என அது விதித்தது. சட்டத்தரணிகள் தம் கட்சிக்காரரின் மனுக்களைப் பொதுமக்கள் பெயராற் பாராளுமன்றத்துட் புகுத்துகின்றனர் என்பதும், ஷெரிப்புகள் மக்களுக்குப் பொதுவான பணியாளராதலின் தம் பதவியிடத்தே தங்கியிருந்து யாவருக்கும் நீதி செய்தல் வேண்டும் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். சட்டத்தை நிலைநாட்டுபவர் தேர்தலில் நிற்றல் பற்றி எழுந்த மிகப் பழைய தடைகளுள் ஒன்று இதுவாகும்.

தடையைத் தொடர்ந்து தேர்தற் கடமையும் சட்டவரம்புக்கு உட்படுத்தப்பட்டது. 1406ஆம் ஆண்டுச் சட்டம், தேர்தல் முழுக் கவுண்டி மன்றத்திலே நடைபெறல் வேண்டும் என்றும், தெரிவுசெய்தோர் முத்திரையிட்ட ஒப்பந்தப் பத்திரத்துடன் முடிவு அனுப்பப்படல் வேண்டும் என்றும் பணித்தது. 1410ஆம் ஆண்டுச் சட்டம் விதிமீறும் ஷெரிப்புக்கு 100 பவுண் தண்டம் விதித்தது. இவற்றை மட்டும் கொண்டு நோக்குவோர், படிப்படியாகத் தூய்மையடைந்துவரும் ஒரு தேர்தல் முறையையே காண்பர். ஆனால் அதே வரிசையில் 1430ஆம் ஆண்டுச் சட்டமும் நிற்கின்றது.

ஆண்டுக்கு 40 ஷிலிங் வருவாய் தரும் சொந்த நிலமுடையோருக்கே கவுண்டித் தேர்தலில் வாக்குரிமை என 1430ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. உடைமை குன்றியவர்களும் உடைமையே அற்றவர்களும் பெருங்கூட்டமாக வந்து, கவுண்டியின் பெருமக்களுக்குச் சமமான குரலுடையோராய் நடந்துகொள்வதால் கலகம் விளையும் என்பது அதன் முன்னுரையிற் காணப்படும் நியாயம். வர்க்க நலன் இத்துணை வெளிப்படையாகப் பேசும் சட்டங்கள் சிலவே. அச்சட்டம் ஷெரிப்புக்கு ஒரு புதிய தேர்தற் கடமையையும் அளித்தது: வாக்களிக்க வருபவரைச் சத்தியஞ் செய்வித்து, ஆண்டுக்கு எவ்வளவு வருவாய் உண்டென விசாரிக்கும் அதிகாரமே அது. வேட்பாளராகும் வாயில் அவருக்கு அடைக்கப்பட்டது. வாக்காளரின் வாயிலில் அவரே காவலராக நிறுத்தப்பட்டார். இவ்வரையறை 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை அடிப்படையில் நிலைத்து நின்றது. 1450ஆம் ஆண்டில் ஜக் கேட் தலைமையிற் கிளர்ந்தெழுந்த கென்ற் மக்கள், தம் பிரதிநிதிகளைச் சுதந்திரமாகத் தெரிவுசெய்ய முடியவில்லை என்பதையும், ஷெரிப்புகளும் அவர்தம் கீழோரும் தம்மை வருத்துகின்றனர் என்பதையும் ஒருங்கே முறையிட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இரண்டும் ஒரே துன்பத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

3

ஷெரிப் தேர்தலில் நிற்கலாகாது என்னும் விதி மக்களுக்கு அரணாக அமைந்ததா? அது ஆள்வோரின் ஆயுதமாகவும் பயன்பட்டமைக்கு இரு சான்றுகள் உள.

1404ஆம் ஆண்டில் நான்காம் ஹென்றி, 1372ஆம் ஆண்டு விதியின் மற்றைப் பகுதியைக் கையிலெடுத்துச் சட்டத்தரணிகளைப் பாராளுமன்றத்தினின்றும் விலக்கினான். சட்டம் அறிந்தோர் இல்லாமையால் அது 'கல்லாப் பாராளுமன்றம்' எனப் பெயர்பெற்றது.

இரண்டாவது சான்று மேலும் தெளிவானது. 1625ஆம் ஆண்டில் முதலாம் சார்ள்ஸ் கூட்டிய முதற் பாராளுமன்றம், அவனுடைய அணுக்கனான பக்கிங்ஹாம் கோமகனைத் தாக்கிற்று. அரசன் வேண்டிய பணத்தை வழங்கத் தயங்கிற்று. அடுத்த பாராளுமன்றத்தைக் கூட்டுமுன், அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், எதிர்த்தரப்பின் முன்னணிப் பேச்சாளர் அறுவரை அவன் ஷெரிப்புகளாக நியமித்தான். எட்வேட் கோக் பக்கிங்ஹாம்ஷயருக்கும், தோமஸ் வென்ற்வேர்த் யோர்க்ஷயருக்கும், ரொபேட் பெலிப்ஸ் சமசெற்றுக்கும் ஷெரிப்புகளாயினர். ஷெரிப் தம் கவுண்டியில் தங்கியிருத்தல் வேண்டும். பாராளுமன்ற உறுப்பினராதல் கூடாது. ஆகவே பதவி வழங்குவதே வாயடைக்கும் உபாயமாயிற்று. ஒருகாலத்தில் இங்கிலாந்தின் பிரதம நீதியரசராயிருந்த கோக்குக்கு அப்போது வயது 73. பதவிச் சத்தியத்தின் வாசகத்திற் குறைகண்டு அவர் வாதாடிப் பார்த்தார். நோர்போக் கவுண்டி மக்கள் அவரைத் தெரிவுசெய்தும் அனுப்பினர். எனினும் 1626ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் அவர் அமரவில்லை.

அரசனின் உபாயம் உரிய பயனைத் தந்ததா? தரவில்லை. கோக்கும் பெலிப்சும் இல்லாத அவையிலே ஜோன் எலியட் முதலானோர் முன்வந்து பக்கிங்ஹாம்மீது குற்றப் பிரேரணையை நடாத்தினர். அரசன் 1626 யூனில் அவையைக் கலைத்தான். 1628இல் மீண்டும் கூடிய பாராளுமன்றத்திலே கோக் உரிமை மனுவின் முதன்மைச் சிற்பிகளுள் ஒருவராக விளங்கினார். கவுண்டிகளில் வலுப்பெற்றுவந்த நிலவுடைமையாளரும் நகர வணிகரும் தம் வர்க்க நலனை அவையினூடாக நிலைநாட்டும் நிலைக்கு வந்துவிட்டமையின், அறுவரை அகற்றியதால் அவ்வோட்டத்தைத் தடுக்க முடியவில்லை. விதி ஒன்றே, 1372இல் அது பொதுநீதியின் பெயராலும், 1625இல் முடியாட்சியின் தந்திரமாகவும் தொழிற்பட்டது. விதியின் பொருளை அதன் வாசகத்தில் மட்டும் தேடுவோர் இந்த வேறுபாட்டை விளக்கவியலாது.

4

இங்கிலாந்தின் ஷெரிப் அத்திலாந்திக் கடலைக் கடந்து குடியேற்ற நாடுகளுக்குச் சென்றபோது தம் தேர்தற் கடமைகளையும் உடன்கொண்டு சென்றார். 18ஆம் நூற்றாண்டு வேர்ஜீனியாவில் தேர்தல் கவுண்டி நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. மேசையருகே ஷெரிப் தலைமைதாங்குவார். வேட்பாளரும் அங்கேயே அமர்ந்திருப்பர். வாக்காளர் முன்வந்து தம் தெரிவை வாய்விட்டுக் கூறுவார். எழுதுவினைஞர் அதனைப் பதிவுசெய்வார். நிலக்கிழார் முன்னிலையில் சிறு விவசாயி தம் வாக்கை உரக்கச் சொல்லவேண்டிய இம்முறை அங்கு 1867 வரை நீடித்தது. வாக்கெடுப்பை எப்பொழுது முடிப்பதென்பதும் ஷெரிப்பின் முடிவுக்கு விடப்பட்டிருந்தமையால், தமக்கு வேண்டியவர் முன்னணியில் நிற்கும் வேளை பார்த்து அதனை முடித்தல் அவருக்கு இயல்வதாயிற்று.

இங்கிலாந்தில் ஷெரிப் நியமனப் பதவியாகவே நீடித்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு நவீன பொலிஸ் சேவை தோன்றியபின் அது பெரும்பாலும் சடங்குப் பதவியாகக் குறுகிற்று. அமெரிக்காவில் வரலாறு வேறு திசையிற் சென்றது. 1776ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னரும், குறிப்பாக 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த சனநாயக அலையின்போதும், ஷெரிப் பதவி மாநிலந்தோறும் தெரிவுப் பதவியாயிற்று. வேர்ஜீனியாவிலும் 1851ஆம் ஆண்டு யாப்பு அதனை மக்கள் வாக்குக்கு விட்டது. அரசனின் ஆளை மக்களின் ஆளாக மாற்றுதல் முற்போக்கான செயல் என்பதில் ஐயமில்லை. ஆயின் மாறியது நியமன முறை மட்டுமே. சிறையும் வரியும் நீதிமன்றக் கட்டளையும் பழையபடி ஒரே கையிற் குவிந்திருந்தன. 1372ஆம் ஆண்டு விதி எதனைத் தவிர்க்க முயன்றதோ அது இங்கு பதவியின் இயல்பாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு ஷெரிப்பும் வேட்பாளரே. பதவியைக் காத்துக்கொள்ள விழையும் ஒவ்வொரு ஷெரிப்பும் தாம் காவல்புரியும் தேர்தலிலேயே போட்டியிடுபவரே.

இப்பதவியின் மெய்யான பெறுமதி உள்நாட்டுப் போரின் பின் தென்மாநிலங்களில் வெளிப்பட்டது. அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்றதும், மிசிசிப்பியின் சில கவுண்டிகளில் ஷெரிப்புகளைத் தம்மிடையேயிருந்தே தெரிவுசெய்தனர். அம்மாநிலத்தில் ஷெரிப்பே வரி சேகரிப்பவருமாதலின், பெருந்தோட்ட முதலாளிகள் தம் நிலவரியை நேற்றைய அடிமையிடம் செலுத்தும் நிலை வந்தது. பின்னர் மேற்சபை உறுப்பினரான பிளான்ச் புரூஸ் முதலில் பொலிவர் கவுண்டியின் ஷெரிப்பாக விளங்கியவரே. 1874 டிசம்பரில் விக்ஸ்பேர்க் நகரில், வரிசெலுத்துவோர் என்னும் பெயரிற் திரண்ட வெள்ளை உடைமையாளர், தெரிவுசெய்யப்பட்ட கறுப்பின ஷெரிப் பீற்றர் குரோஸ்பியை ஆயுதமுனையிற் பதவி விலகச் செய்தனர். அவருக்கு ஆதரவாக வந்த கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். எதிர்ப்புரட்சி தேசத் தலைநகரில் அன்றி ஷெரிப்பின் கந்தோரிலே தொடங்கியமை கவனத்துக்குரியது. அதிகாரம் எங்கு உறைகின்றது என்பதை உடைமை வர்க்கம் நன்கு அறிந்திருந்தது.

அதன்பின் 1890ஆம் ஆண்டு மிசிசிப்பி யாப்பு எழுத்தறிவுச் சோதனையையும் 2 டொலர் தலைவரியையும் வாக்குரிமைக்கு நிபந்தனைகளாக்கிற்று. தலைவரியை வாங்குபவரும் ஷெரிப்பே. வரியை வாங்க மறுத்தாலே போதும். எந்தச் சட்டத்தையும் வெளிப்படையாக மீறாமல் ஒருவருடைய வாக்குரிமையை இல்லாமற் செய்துவிடலாம். தலாஹாச்சி கவுண்டி ஷெரிப் கறுப்பின மக்களிடம் தலைவரியை ஏற்க மறுத்தமை பற்றிய வழக்கு 1963ஆம் ஆண்டில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 1430இல் வாக்காளரின் வருவாயைச் சத்தியத்தின்மீது விசாரித்த ஷெரிப்புக்கும் இவருக்குமிடையே ஐந்து நூற்றாண்டுகள் கழிந்திருந்தன, தொழில் மாறவில்லை.

5

தேர்தற் கடமையும் வேட்பாளர் நிலையும் ஒருவரிடத்தே கூடும்போது விளைவது யாதென்பதை மிக அப்பட்டமாகக் காட்டியது டெனசி மாநிலத்தின் மக்மின் கவுண்டியாகும். 1936இல் ஷெரிப்பாகத் தெரிவுபெற்ற போல் கன்ற்ரெல், 1938இலும் 1940இலும் அப்பதவியைத் தக்கவைத்துக்கொண்டார். பின்னர் அவர் மாநில மேற்சபைக்குச் செல்ல, அவரது உதவியாளர் பற் மான்ஸ்பீல்ட் ஷெரிப்பானார். இக்கூட்டின் பொருளாதார அடிப்படை கட்டண முறையாகும். கைதுசெய்து சிறையிலிட்ட ஆளொன்றுக்கு இவ்வளவு என ஷெரிப்புக்கும் உதவியாளருக்கும் பணம் கிடைத்தது. வழிப்போக்கர்களையும் பேருந்துப் பயணிகளையும் குடிபோதைக் குற்றஞ்சாட்டிப் பிடித்தல் வருவாய்த் தொழிலாயிற்று. பதவி இழத்தல் வருவாய் இழத்தலாகும். எனவே தேர்தல் அவர்களுக்கு முதலீட்டைக் காக்கும் போராட்டமாயிற்று. 1941இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டமொன்று கவுண்டியின் வாக்களிப்புப் பிரிவுகளை 23இலிருந்து 12 ஆகக் குறைத்தது. 1940, 1942, 1944ஆம் ஆண்டுத் தேர்தல்கள் பற்றிய முறைப்பாடுகள் சமஷ்டி அரசின் நீதித் திணைக்களம் வரை சென்றும் பயனளிக்கவில்லை.

1946 ஆகஸ்ட் 1ஆம் திகதித் தேர்தலில் கன்ற்ரெல் மீண்டும் ஷெரிப் பதவிக்கும், பதவியிலிருந்த மான்ஸ்பீல்ட் மேற்சபைக்கும் போட்டியிட்டனர். இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட படைவீரர் தமக்கென ஒரு வேட்பாளர் வரிசையை நிறுத்தினர். அவர்களின் ஷெரிப் வேட்பாளர் நொக்ஸ் ஹென்றி. வாக்களிப்பன்று மான்ஸ்பீல்ட் வெளியிடங்களிலிருந்தும் ஆட்களைத் திரட்டி, ஏறத்தாழ 200 ஆயுதந்தாங்கிய உதவியாளரைச் சாவடிகளில் நிறுத்தினார். ஒழுங்கைக் காத்தல் ஷெரிப்பின் சட்டபூர்வமான தேர்தற் கடமை என்பதை மறத்தலாகாது. அக்கடமையின் பெயராலேயே எதிர்த்தரப்புக் கண்காணிப்பாளர் தடுத்துவைக்கப்பட்டனர். வாக்களிக்க வந்த தொம் கிலெஸ்பி என்னும் முதிய கறுப்பின விவசாயியை உதவியாளர் ஒருவர் சுட்டுக் காயப்படுத்தினார். மாலையில் வாக்குப்பெட்டிகள் 'பாதுகாப்புக்காக' ஏதன்ஸ் நகரச் சிறைச்சாலைக்குள் கொண்டுசெல்லப்பட்டன. வேட்பாளரும் பெட்டிகளும் சிறைக்கதவுக்கு ஒரே பக்கத்தில் இருந்தனர். வாக்காளர் மறுபக்கத்தில் நின்றனர்.

அன்றிரவு படைவீரர் அரச ஆயுதசாலையிலிருந்து துப்பாக்கிகளைப் பெற்றுச் சிறைச்சாலையை முற்றுகையிட்டனர். வெடிமருந்து வீசப்பட்டபின், விடியற்புறத்தில் உள்ளிருந்தோர் சரணடைந்தனர். ஹென்றி ஷெரிப்பாகப் பதவியேற்றார். கட்டண முறைக்குப் பதிலாகச் சம்பளம் புகுத்தப்பட்டது.

இந்நிகழ்ச்சியை வீரக்கதையாகப் போற்றுவது அமெரிக்கப் பொதுமரபு. நாம் அதன் எல்லைகளையும் நோக்குதல் வேண்டும். ஆட்கள் மாறினர், கட்டணம் நீங்கியது உண்மையான வெற்றியே. ஆயின் படைவீரர் இயக்கம் நிலையான மக்கள் அமைப்பாக வளரவில்லை. சில மாதங்களுள் அதன் தலைவர்களுட் சிலரே, ஓர் அதிகாரக் கூட்டை ஒழித்து இன்னொன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்னும் கருத்துப்பட வெளிப்படையாக வருந்தினர். கறுப்பின விவசாயியின்மீது பாய்ந்த குண்டு கிளர்ச்சிக்கு உந்துதல் தந்தது. தென்பகுதி முழுவதிலும் அவர் போன்றோரின் வாக்குரிமை என்னும் வினாவோ அக்கிளர்ச்சியின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவில்லை. அவ்வினா இருபதாண்டு கழித்து அலபாமாவில் எழுந்தது.

6

அலபாமாச் சட்டத்தின்படி கவுண்டியில் வாக்களிப்பு நிலைய அலுவலரை நியமிக்கும் சபையில் மூவர் உள்ளனர்: மரணசாதன நீதிபதி, சுற்று நீதிமன்ற எழுதுவினைஞர், ஷெரிப். மூவருமே தெரிவுப் பதவியினர். இவர்களுள் ஒருவர் எதிர்ப்போட்டியுள்ள தேர்தலில் வேட்பாளராக நின்றால், அத்தேர்தலளவில் அவர் இச்சபையினின்று விலக, வேறொரு வாக்காளர் அவ்விடத்துக்கு நியமிக்கப்படல் வேண்டும் என்பது இன்றைய விதி. 1372ஆம் ஆண்டுக் கருத்து இங்கு தலைகீழாக அமைந்திருத்தலைக் காண்கிறோம். இங்கிலாந்தில் கடமையை முன்னிட்டு வேட்பு தடுக்கப்பட்டது. அலபாமாவில் வேட்பை முன்னிட்டுக் கடமை நிறுத்தப்படுகிறது. கோட்பாட்டளவில் இது நன்று. நடைமுறையில் ஷெரிப்பின் தேர்தற் செல்வாக்கு அச்சபையில் மட்டுமா இருந்தது என்பதே வினா.

டலஸ் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். 1965இன் தொடக்கத்தில் வாக்களிக்கும் வயதடைந்த ஏறத்தாழ 15,000 கறுப்பின மக்களுள் சில நூற்றுவரே பட்டியலில் இருந்தனர். பதிவுக் கந்தோர் செல்மா நகர நீதிமன்றக் கட்டடத்தில் இருந்தது. அதன் வாயிலிலும் படிகளிலும் ஷெரிப் ஜிம் கிளார்க்கின் அதிகாரமே நடந்தது. 1963 ஒக்டோபரில், பதிவுக்காக நாள்முழுதும் வரிசையில் நின்றோருக்கு உணவும் நீரும் கொண்டுசென்ற இளைஞர் அடித்துக் கைதுசெய்யப்பட்டனர். 1965 மார்ச் 7ஆம் திகதி எட்மண்ட் பெற்றஸ் பாலத்தில் ஊர்வலத்தினர்மீது மாநிலப் படையினர் பாய்ந்தபோது, கிளார்க்கின் குதிரைப்படைத் தொண்டரும் உடனிருந்தனர். இவையாவும் தேர்தற் சபையில் அமர்ந்து செய்யப்பட்டவை அல்ல. சட்டத்தையும் ஒழுங்கையும் காக்கும் வழமையான கடமை என்ற பெயரிற் செய்யப்பட்டவை.

அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி வாக்குரிமைச் சட்டம் கைச்சாத்தாயிற்று, ஆயிரக்கணக்கானோர் பதிவுபெற்றனர். 1966 மே 3ஆம் திகதி ஜனநாயகக் கட்சியின் முன்தேர்தலில் கிளார்க்கை எதிர்த்து வில்சன் பேக்கர் நின்றார். பேக்கரும் வெள்ளையரே, நகரப் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்தவரே. கறுப்பின மக்கள் அவர்பால் மயக்கங்கொண்டு வாக்களிக்கவில்லை. கிளார்க்கை அகற்றவே வாக்களித்தனர். கட்சியின் கவுண்டிச் செயற்குழு, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் ஆறு பெட்டிகளை ஒழுங்கீனம் எனக் காட்டி ஒதுக்க முயன்றது. சமஷ்டி நீதிமன்றம் அவற்றை எண்ணுமாறு பணிக்க, பேக்கர் பெரும்பான்மை பெற்றார். நவம்பரில் பெயரெழுதி வாக்களிக்கும் முறையிற் போட்டியிட்டும் கிளார்க் தோற்றார்.

அயலிலுள்ள லவுண்டஸ் கவுண்டியின் அனுபவம் இதனினும் ஆழமானது. அங்கு மக்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். 1965இன் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர் பெயரேனும் பட்டியலில் இல்லை. நிலம் சில வெள்ளைக் குடும்பங்களின் உடைமையாயிருந்தது. பெயர் பதிந்த குத்தகைக் குடியானவர் குடிசையினின்று வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அவர்கள் 80ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் கூடாரமடித்து வாழ்ந்தனர். இம்மக்கள் ஜோன் ஹியூலெற் முதலானோர் தலைமையில், கருஞ்சிறுத்தையைச் சின்னமாகக் கொண்ட சுயாதீனக் கட்சி ஒன்றை அமைத்தனர். 1966 மே 3ஆம் திகதி தம் வேட்பாளரைத் தெரிவதற்கு நீதிமன்ற முன்றலைக் கேட்டபோது, பதவியிலிருந்த ஷெரிப் மறுத்தார். அவர்கள் அருகிலுள்ள தேவாலயத்திற் கூடித் தெரிவுசெய்தனர். போட்டியாளர் எங்கு கூடலாம் என்பதைக்கூடப் பதவியிலுள்ளவரே தீர்மானிக்கும் நிலையில், நியமனச் சபையிலிருந்து அவரை மட்டும் அகற்றும் விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பது சிந்திக்கற்பாலது.

இலக்கிய மாணவராகிய நமக்கு லவுண்டஸ் கவுண்டியிலிருந்து கிடைக்கும் இன்னொரு செய்தி பெறுமதி வாய்ந்தது. அங்கு பணியாற்றிய மாணவர் இயக்கத்தினர், எழுத்தறிவு குன்றிய மக்களுக்காகச் சித்திரக்கதை வடிவிற் சிறு நூல்களை வெளியிட்டனர். ஷெரிப்பின் கடமைகள் யாவை, வரிமதிப்பாளரின் கடமைகள் யாவை, ஓர் உழைப்பாளி அப்பதவியை ஏன் வகிக்கலாகாது என்பவற்றை அவை எளிய சொற்களில் விளக்கின. லாங்லண்டின் பாட்டில் ஷெரிப் கைக்கூலியின் குதிரை. மக்கள் அவரைக் கண்டு நகைக்கலாம், வெறுக்கலாம். அப்பதவி தமக்குரியது என்று எண்ணும் நிலை அன்று தோன்றவில்லை. இச்சிறு நூல்களிலோ ஷெரிப் பதவி கூலிவிவசாயி வகிக்கத்தக்க ஒரு தொழிலாகச் சித்திரிக்கப்பட்டது. மக்கள் உணர்வில் நிகழ்ந்த இப்பண்புமாற்றம் ஒரு சட்டத் திருத்தத்தினும் பெரிது.

1966 நவம்பரில் அவர்களின் ஷெரிப் வேட்பாளர் சிட்னி லோகன் உட்பட அனைவரும் தோற்றனர். அமைப்பு கலையவில்லை. 1970இல் ஹியூலெற் லவுண்டஸ் கவுண்டியின் ஷெரிப்பாகத் தெரிவுபெற்று, இருபதாண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்தார். எனினும் நிலவுடைமை உறவுகள் பெரிதும் மாறாமையின் கவுண்டியின் வறுமை அகலவில்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். ஷெரிப்பின் தடி மக்கள்மீது பாய்வது குறைந்தது. காணி உறுதி கைமாறவில்லை.

7

நாம் மேலே நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறலாம். சட்டத்தை நிலைநாட்டுபவர் தம் தேர்தலைத் தாமே நடாத்தலாகாது என்னும் விதி தேவையானது. மக்மின் கவுண்டியின் சிறைச்சாலைக்குள் பெட்டிகள் சென்ற அந்த மாலைப்பொழுதை அறிந்த எவரும் இதனை மறுக்கமாட்டார். ஆனால் இவ்விதி ஷெரிப்பின் பல கடமைகளுள் ஒன்றையே தொடுகின்றது. வெளியேற்றக் கட்டளையை நிறைவேற்றுதல், வரி வாங்குதல், வாயிலிற் காவல்நிற்றல், கைதுசெய்தல் ஆகிய அன்றாடக் கடமைகள் யாவும் தேர்தல் நாளுக்கு முன்பே தேர்தலைப் பாதிக்கின்றன. குடியானவரின் குடிசைக் கதவைத் தட்டுபவர் எவரோ அவரே வாக்குப்பெட்டியின் மெய்யான காவலர். அவரைப் பதினைந்து நாட்களுக்குச் சபையிலிருந்து விலக்கிவிட்டால் நடுநிலைமை பிறந்துவிடும் என நம்புவது, வர்க்கங்களுக்கு மேலாக நிற்கும் அரசு ஒன்று உண்டென்னும் பழைய மயக்கத்தின் ஒரு வடிவமேயாகும்.

இதனால் விதி வீண் என்பது நமது முடிவன்று. அவ்வாறு கூறுவது மக்கள் குருதிசிந்திப் பெற்றவற்றைத் துச்சமாக மதிப்பதாகும். செல்மாவின் ஆறு பெட்டிகள் எண்ணப்படுவதற்கு ஒரு சட்டமும் ஒரு நீதிமன்றக் கட்டளையும் தேவைப்பட்டன. ஆயின் அப்பெட்டிகளில் வாக்குகள் விழுவதற்கு முன், ஆண்டுக்கணக்காக அந்தப் படிகளில் அடியுண்டு நின்ற மக்கள் தேவைப்பட்டனர். 1372இலும் 1410இலும் எழுதப்பட்ட விதிகள், உடைமையற்றோரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய 1430ஆம் ஆண்டுச் சட்டத்துடன் முரண்படாமல் வாழ்ந்தன. 1965ஆம் ஆண்டுச் சட்டமோ, உள்ளே நுழைய வந்த மக்களின் அமைப்பால் உந்தப்பட்டமையாற் பயன் தந்தது.

ஆகவே தேர்தல் வரலாற்றை ஆராய்வோர் யார் வென்றார், எத்தனை வாக்கால் வென்றார் என்பதோடு நின்றுவிடாது, பெட்டியைத் தூக்கிச் சென்றவர் யார், அவர் எவரிடம் ஊதியம் பெற்றார், வாக்களித்தவர் மறுநாட் காலையில் எவருடைய நிலத்தில் உழச் சென்றார் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். இவ்வினாக்கள் ஆங்கிலேய, அமெரிக்கக் கவுண்டிகளுக்கு மட்டும் உரியவையல்ல. தேர்தல் நடைபெறும் எந்நாட்டின் வரலாற்றாசிரியரும் தம் சுவடிகளிடம் கேட்டாகவேண்டிய வினாக்கள் இவை.